பதுளைக்குப் போன குச்சிப் பலகை

விமான நிலைய அதிகாரி என் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். "பாதத்துக்கு மசாஜா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, தண்ணீருக்குள் வைப்பது என்றேன். எதற்கு என்றார். ஒளியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க என்றேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் வந்து அழுத்திப் பார்த்தார். போர்நிறுத்தக் காலம் என்பதால் கொழும்பில் எல்லோரும் கொஞ்சம் இலகுவான மனநிலையில் இருந்தார்கள். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பலகையை என்னிடமே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

பலகை ஒன்றும் பெரிய கருவி இல்லை. வெள்ளைப் பெயின்ட் அடித்த சதுரமான பிளைவுட். அதன் மேல் விரல்கணு உயரத்தில் மூங்கில் குச்சிகள், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், பலகை முழுக்க. குச்சி வரிசைகள் பலகையின் ஓரத்தை ஒட்டி நேராக ஓடாமல், மூலைக்கு மூலை சாய்ந்து ஓடும். பார்க்கிறவர்களுக்கு யாரோ கோணலாக அடித்துவிட்ட மாதிரி இருக்கும்.

நான் திருச்சியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். என் ஆராய்ச்சி ஒளிப்படிகங்களில். அது என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் டார்ச் லைட்டைத்தான் காட்டுவேன். கையில் சின்ன வட்டமாகக் கிளம்பும் வெளிச்சம் சுவரில் போய் விழும்போது தாம்பாளம் அளவுக்கு விரிந்துவிடுகிறது. எந்த ஒளிக்கற்றையும் போகப் போக விரியும், அது அதன் சுபாவம். விரியாமல் இருக்க வேண்டும் என்றால் கண்ணாடி இழை மாதிரி ஒரு குழாய்க்குள் அடைக்க வேண்டும். ஆனால் ஒரு தகட்டில் கண்ணுக்கே தெரியாத துளைகளைச் சீரான வரிசையில் போட்டு, சரியான நிறத்து ஒளியை, சரியான திசையில் விட்டால், சுவரும் இல்லாமல் குழாயும் இல்லாமல் அது கோடு போட்ட மாதிரிப் போகும். அக்கம்பக்கம் சிதறப் பார்க்கும் ஒவ்வொரு அலையையும் அந்தத் துளைகளின் அடுக்கே ஒரே பக்கமாகத் திருப்பிவிடுகிறது. பல வருஷமாக இதைத்தான் செய்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

அந்தத் தகட்டை யாருக்கும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. அதே கணக்கைத் தண்ணீர் அலையில் காட்டலாம். துளைக்குப் பதில் குச்சி, ஒளிக்குப் பதில் சிற்றலை. அதற்குத்தான் பலகை.

பலகையோடு என்னை வரச் சொன்னவள் யோகேஸ்வரி. என்னோடு திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தவள். லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, படிப்பு முடிந்ததும் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகத் திரும்பிப் போனவள். ஒரு நாள் போனில் மூச்சுவிடாமல் பேசினாள்.

"வசந்தா, வர்ற வெள்ளிக்கெழம கல்வி அதிகாரி வர்றாரு. எங்க ஸ்கூல்ல உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு குடுக்கலாமா வேணாமான்னு பாக்க வர்றாரு. எங்கிட்ட ஆய்வுகூடம்னு ஒரு வெறும் ரூம்தான் இருக்கு. அதுல அன்னைக்கு ஏதாச்சும் ஒன்னு நடந்தாகணும். நீ வாடி."

உயர்தரம் என்றால் நம் ஊர் பிளஸ் டூ. மலைநாட்டில் தமிழில் அறிவியல் எடுத்துப் படிக்க வேண்டும் என்றால் தூரத்து ஊருக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். அதற்கு வழி இல்லாத பிள்ளைகள் நம் ஊர்ப் பத்தாவது மாதிரியான பரீட்சையில் எவ்வளவு நல்ல மார்க் எடுத்தாலும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். பையன்கள் கொழும்புக் கடைகளுக்கு, பெண்கள் கொழுந்து பறிக்க. அந்த வருஷம் நன்றாகத் தேறியவர்களில் தவமணி என்று ஒரு பெண்ணைப் பற்றி யோகா தனியாகச் சொன்னாள். "அவள மலைக்கு அனுப்பிட்டா நான் இங்க டீச்சரா இருந்து என்னா பிரயோசனம்?" என்று கேட்டாள். நான் லீவ் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை முழுக்க ரயில். பதுளை ரயில் ஓடுகிற ரயில் இல்லை, நடக்கிற ரயில். நடுவில் நின்று யோசிக்கவும் செய்யும். கடலை வடை விற்கும் பையன் இறங்கி, பக்கத்துப் பெட்டிக்கு நடந்தே போய் ஏறிக்கொண்டான். மேலே போகப் போகக் குளிர் வந்தது, மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மடியில் உட்கார்ந்தது. திருச்சி வெயிலில் வளர்ந்த எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தனியாகச் சிரிக்கும் பெண்ணைப் பார்த்து எதிர் இருக்கைக் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

ஹப்புத்தளையில் ஒரு சிங்கள அம்மா பெரிய பலாப்பழத்தோடு ஏறினார். அதை மேலே சாமான் தட்டில் வைத்தார். நேர் கீழே, காலியாக இருந்த இருக்கையில் என் பலகை. எல்ல என்ற ஊரைத் தாண்டி, ரயில் ஒரு வட்டம் சுற்றித் தான் வந்த தண்டவாளத்துக்கு அடியிலேயே நுழைகிற இடம் ஒன்று வருகிறது. எல்லோரும் எட்டிப் பார்க்க எழுந்தோம். ரயில் ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் டமார் என்று சத்தம்.

திரும்பிப் பார்த்தால் பலாப்பழம் பலகை மேல் உட்கார்ந்திருக்கிறது. பிளைவுட் நடுவில் பிளந்துவிட்டது. குச்சிகளில் பாதி ஒடிந்துவிட்டன. மீதி பழத்துக்குள் ஏறியிருந்தன. எனக்கு அழுகை முட்டியது. பழத்துக்காரம்மா எனக்கு முன்னாலேயே அழ ஆரம்பித்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ்த் தபால்காரர் மொழிபெயர்த்தார். "அடக் கடவுளே, பிள்ளைக்கு வாங்கிட்டுப் போற வெளையாட்டுச் சாமான இப்படிப் பண்ணிட்டேனேன்னு சொல்றாங்க. பழத்த நீங்கதான் வச்சுக்கணுமாம்." எவ்வளவு மறுத்தும் கேட்கவில்லை. பதுளை ஸ்டேஷனில் அவரே பழத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுப் போனார்.

யோகா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள், பழம் இடையில் நின்றது. விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் பலகையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சரி பண்ணிரலாம்," என்றாள். "எங்க பழனியாண்டி பாஸ் இருக்காரு." அங்கே தச்சர், கொத்தனார் எல்லோரையும் பாஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

செவ்வாய் காலை பதுளைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடைக்குள் நுழைந்தோம். நாங்கள் கேட்காமலே ஒரு தட்டு நிறைய வடை, ரோல், பருப்புப் போளி எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தோம்பலை மதிக்க வேண்டுமே என்று நான் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே போனேன். யோகா பார்த்துக்கொண்டே இருந்தவள் கடைசியில், "தின்னதுக்கு மட்டுந்தான் காசு, மிச்சத்த அப்படியே எடுத்துட்டுப் போயிருவாங்க. எல்லாத்தையும் முடிக்கணும்னு யாருடி ஒனக்குச் சொன்னது?" என்றாள். சொல்வதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். இடியப்பத்துக்கு வயிற்றில் இடமில்லாமல் போய்விட்டது. அதற்குத் தொட்டுக்கொள்ள வைத்த தேங்காய்ச் சம்பலை மட்டும் வழித்துச் சாப்பிட்டேன், காது வழியாகப் புகை வந்தது.

லுணுகலை பஸ் பசறை தாண்டியதும் நின்றது. முதல் நாள் மழையில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. எல்லோரும் இறங்கிச் சேற்றில் நடந்து அந்தப் பக்கம் நிற்கும் வேறு பஸ்ஸில் ஏற வேண்டும். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் உடைந்த பலகை, இடுப்பில் பழம். நான் சறுக்கியதைப் பார்த்து அங்கே காவலுக்கு நின்ற ராணுவ வீரர் ஒருவர் வந்தார். துப்பாக்கியை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு, பேசாமல் பழத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இப்படி ஒரு காட்சியை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன் என்றாள் யோகா. பஸ்ஸில் பழத்தை ஏற்றிவிட்டு அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. "இதப் பெத்த அம்மா எங்கன்னு கேக்குறாரு," என்றாள் யோகா.

பள்ளிக்கூடம் மலைச்சரிவில் இருந்தது. 'ஆய்வுகூடம்' என்று கதவில் அழகாக எழுதியிருந்தது. உள்ளே சுவரும் ஜன்னலும் தவிர எதுவும் இல்லை. நல்ல வேளையாகத் தண்ணீருக்கான தட்டு தயாராக இருந்தது. நான் போனில் சொன்ன அளவுக்கு, என் பலகை கச்சிதமாக உள்ளே உட்காரும்படி, தோட்டத்து ஃபாக்டரியில் ஒருவர் தகரத்தில் செய்து கொடுத்திருந்தார். வேறு ஒரே ஒரு சாமான், தண்ணீரைத் தட்டி அலை எழுப்பப் பழைய கேசட் பிளேயரின் மோட்டார், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். அதை மாட்டி வைத்தது தவமணி. ஒல்லியான பெண், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வாள், ஆனால் மோட்டாரைத் தொட யாரையும் விடமாட்டாள்.

பழனியாண்டி பாஸ் தவமணியின் அப்பா. வந்தவர் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலக போயிருச்சுங்க. புதுசாத்தான் அடிக்கணும். குச்சிக்குக் குச்சி இதே எடவெளிதானுங்களே?"

"ஆமா பாஸ், ஒரு மயிரிழை கூடக் குறையக்கூடாது. குச்சியும் இதே கனம் இருக்கணும்."

"வியாழக்கெழம சாயந்தரம் தந்துர்றேங்க," என்றார். "எம்புள்ள காரியம்."

புதன்கிழமை காலையில் எனக்கு வேலை இல்லை. தவமணியின் அம்மா என்னைக் கொழுந்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் ஆள் கணக்கெடுக்க எல்லோரும் கூடும் பெரட்டில் கங்காணி ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுக்கிறார். நிரை என்பது இரண்டு வரிசைச் செடிகளுக்கு நடுவே போகும் தடம். அவரவர் நிரையில் இறங்கினால் கடைசி வரைக்கும் அதிலேதான் பறித்துக்கொண்டு போக வேண்டும், அடுத்தவர் நிரைக்குள் கை போகக்கூடாது. நான் படம் எடுக்கும் ஆசையில் செடிகளுக்குள் குறுக்கே புகுந்தேன். மலையே கத்தியது. "குறுக்க போகாதீங்கம்மா! நெரையோட வாங்க!" புடவையைக் குச்சிகள் பிடித்துக்கொள்ள, நான் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு எதிர் மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

பத்து மணிக்குத் தேங்காய் ரொட்டியும், மிளகாயை இடித்த கட்டச் சம்பலும். பால் இல்லாத சாயத்தண்ணீர். சீனியை அதில் போடுவதில்லை, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. திருச்சியில் நாங்கள் டீயைக் காய்ச்சிக் காய்ச்சிப் பாயசமாக்கிக் குடிக்கிறோம். இது வேறு ருசி. மூன்று கோப்பை குடித்தேன்.

பிற்பகல் வகுப்பில் பிள்ளைகளுக்கு டார்ச்சை அடித்துக் காட்டினேன். விரியாமல் போகிற ஒளியைப் பற்றிச் சொன்னேன். குச்சிப் பலகையில் அலை எப்படிப் போகும் என்று கரும்பலகையில் வரைந்தேன். சாய்ந்த வரிசைகளையும் வரைந்து, ஏன் சாய்வு என்று சொன்னேன். வரிசையோடு விட்டால் அலை விசிறி மாதிரி விரிந்துவிடும். மூலைவாட்டில் விட்டால்தான் குறுகலாக ஒரே நேராகப் போகும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். இதையே பழனியாண்டி பாஸுக்கும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வியாழன் முழுக்க மழை. என் காரியத்துக்கு வெயில் அவசியம். வெயில் தண்ணீருக்குள் இறங்கினால்தான் அலைகள் வெள்ளைப் பலகையில் வெளிச்சக் கோடுகளாக விழும். ஜன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். யோகாவிடம் இரண்டு முறை எரிந்து விழுந்தேன், மோட்டாருக்கு வாங்கிய பேட்டரியைத் திட்டினேன், லுணுகலையின் வானிலையைத் திட்டினேன். எனக்குப் பதற்றம் வந்தால் வாய் நிற்காது. யோகா பலாப்பழத்தை அரிந்து என் வாயில் ஒரு சுளையைத் திணித்தாள்.

சாயங்காலம் பழனியாண்டி பாஸ் பலகையைத் துணியில் சுற்றி, குடைக்குள் வைத்து, தான் நனைந்துகொண்டு வந்தார். காலையில் பிரித்தால் போதும், பெயின்ட் இன்னும் ஈரம் என்றார்.

வெள்ளிக்கிழமை வெயில்! கழுவிவிட்ட மாதிரி வானம். முற்றத்தில் தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஓரங்களில் அலை மோதித் திரும்பாமல் இருக்கப் பழைய துணியைச் சுருட்டி வைத்தோம். சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பலகையைப் பார்த்ததும் நான் கைதட்டிவிட்டேன். அவ்வளவு சுத்தம். குச்சிகள் ஒன்றைப் போல ஒன்று. "பாஸ், கடையில கூட இப்படிக் கிடைக்காது!" என்றேன். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளி நின்றார்.

பலகையைத் தண்ணீருக்குள் வைத்ததும் தவமணி மோட்டாரைப் போட்டாள். மோட்டாரின் நுனியில் மாட்டியிருந்த கம்பி தண்ணீரைத் தட்டியது. அலை குச்சிகளுக்குள் நுழைந்தது. நுழைந்து, விசிறி மாதிரி விரிந்து, தட்டு முழுக்கப் பரவியது.

குமிழைக் கூட்டச் சொன்னேன், குறைக்கச் சொன்னேன். தண்ணீர் அதிகமோ என்று ஒரு டம்ளர் எடுத்துக் கொட்டினேன். அலை விரிந்துகொண்டேதான் இருந்தது. யோகா நகத்தைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தவமணிதான் சொன்னாள். "மிஸ், நீங்க போர்டுல வரஞ்சது கோணையா இருந்திச்சு. இது நேரா இருக்கு."

பார்த்தேன். குச்சி வரிசைகள் பலகையின் ஓரத்தோடு அளவெடுத்த மாதிரி நேராக ஓடின. அவ்வளவு நேரமும் அந்த அழகில் மயங்கி நின்றிருக்கிறேன்.

"பாஸ்! வரிசை ஏன் நேரா இருக்கு?"

"ஆமாங்க," என்றார் அவர், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு. "ஒங்க பலகையில கோணையா அடிச்சு வச்சிருந்தாங்க. ஊர்ல யாரோ தெரியாத ஆளு செஞ்சது போல. நான் புதுக் கன்னு நட கயிறு புடிச்சு முள அடிச்ச ஆளுங்க. நெர கோணையா இருந்திச்சுன்னா எங்க தொர அரைப்பேருதான் போடுவாரு. அதான் எல்லாத்தையும் நேர் பண்ணிட்டேன்."

அரைப்பேர் என்றால் பாதிக் கூலி. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கத்தவும் வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எப்படிக் கத்துவது? மலையிலே பிறந்து வளர்ந்த ஒரு மனிதர் கோணல் நிரையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பாரா? சொல்லாமல் விட்டவள் நான்தான்.

யோகா அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சாம்பலாகிவிட்டது. "எம்புள்ள காரியத்த நானே கெடுத்துட்டேனா?" என்றார். தவமணி மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குச்சிகளைப் பிடுங்கி மறுபடி அடிக்க நேரமில்லை. மோட்டாரைத் தட்டின் மூலைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தட்டவிட்டுப் பார்த்தோம். மூலையில் இரண்டு பக்கத் தகரமும் சேர்ந்து அலையைத் திருப்பி அடித்தது. கலக்கிவிட்ட குட்டைதான் மிஞ்சியது. பலகையையே சாய்த்து வைக்கலாம் என்றால் தட்டுக்குள் அது கொள்ளாது, நான்கு மூலையும் இடிக்கும்.

"அப்ப மூலைய அறுத்துருவோம்," என்றேன்.

பழனியாண்டி பாஸ் ரம்பத்தை எடுத்து வந்தார். எடுத்து வந்தவர் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் செய்த பலகை, அதில் சில நேரான வரிசைகளை மூலைகளில் வெட்ட வேண்டும். கீழே பாதையில் ஜீப் சத்தம் கேட்டது. அதிகாரி வந்துவிட்டார்.

"அப்பா, அறுங்கப்பா," என்றாள் தவமணி.

அவர் பலகையை மடியில் வைத்து அறுக்க ஆரம்பித்தார். யோகா ஜீப்பை நோக்கி ஓடினாள், எதையாவது பேசி நிறுத்திவைக்க. நான் மூலை மூலையாக வெட்டுப்பட்டு விழுந்த துண்டுகளைப் பொறுக்கினேன். நான்கு மூலையும் போன பலகை எட்டு ஓரத்தோடு இருந்தது. சாய்த்து வைத்தோம், தட்டுக்குள் உட்கார்ந்தது. தண்ணீரில் மிதந்த மரத்தூளைத் தவமணி உள்ளங்கையால் வாரி எடுத்தாள்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை, குறைவான பேச்சு. முற்றத்துக்கு வந்து தட்டைக் குனிந்து பார்த்தார். "உது என்ன, டீச்சர்?" என்று யோகாவைக் கேட்டார்.

யோகா பதில் சொல்லும் முன் தவமணி மோட்டாரைப் போட்டுவிட்டாள். அலை கிளம்பியது. முதலில் விரிந்தது. தவமணி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினாள். ஒரு இடத்தில் அந்த விசிறி மடங்கியது. மடங்கி, ஒரு சாண் அகலம் கூட இல்லாத வெளிச்ச நாடாவாகக் குச்சிக் காட்டை ஊடுருவி, மறு ஓரம் வரைக்கும் நேராக ஓடியது. இரண்டு பக்கமும் தண்ணீர் அசையவே இல்லை. பல வருஷமாகக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்த காட்சிதான். அந்த வெயிலில் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் "ஆத்தாடி!" என்றார்கள்.

அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு," என்றார். "இந்தியாவில இருந்து வந்த மிஸ் செய்து காட்டுறா. எனக்கு அதில்ல முக்கியம். நாளைக்கு மிஸ் போயிடுவா. பிள்ளையளுக்கு என்ன விளங்கினது எண்டு பாக்க வேணும். நீங்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

நானும் யோகாவும் வகுப்பறைச் சுவரோரம் போய் நின்றோம். யோகா என் விரல்களை நெரித்தாள்.

"பிள்ளை, உம்மட பேர் என்ன?"

"தவமணி, சேர்."

"இந்தப் பலகையை நான் இப்பிடி நேராத் திருப்பினா என்ன நடக்கும்?"

"அலை பரந்துரும், சேர்."

"நல்லாத் தெரியுமோ?"

"காலையில அப்படித்தான் இருந்திச்சு சேர். நேரா இருந்திச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அப்பறந்தான் தெரிஞ்சிச்சு, நேரா இருந்தா வேல செய்யாதுன்னு."

யோகா கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி தட்டுக்குள் கையை விட்டார். மூலை இல்லாத பலகை இப்போது எந்தப் பக்கமும் திரும்பும். சட்டைக் கை நனைய, அவரே அதைத் திருப்பினார். நாடா குலைந்து விசிறியானது. மறுபடி சாய்த்தார். விசிறி மடங்கி நாடாவானது. இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது தரம் அவர் முகத்தில் சின்னப் பையன் ஒருவன் தெரிந்தான்.

"சரி," என்றார், நிமிர்ந்து. "ஏன் அப்பிடி நடக்குது? காரணத்தைச் சொல்லும் பாப்பம்."

நான் கரும்பலகையில் மேலோட்டமாகத்தான் சொல்லியிருந்தேன். உண்மையான காரணத்துக்குக் கணக்கு வேண்டும், அந்தக் கணக்கு உயர்தரத்துக்கும் மேலே. தவமணி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் அப்பாவைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி ஏதாவது சொல்லிக்கொடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

"தெரியாது சேர்," என்றாள் தவமணி. "அதப் படிக்கத்தானே சேர் நாங்க வகுப்புக் கேக்குறோம்?"

மோட்டார் தட்டிக்கொண்டே இருந்தது. அதிகாரி கைக்குட்டையை எடுத்து ஈரக் கையை ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"டீச்சர்," என்று யோகாவைக் கூப்பிட்டார். "தை மாதம் வகுப்பைத் தொடங்குங்கோ. கடிதம் பிறகு வரும். இந்தப் பிள்ளையை முதல் வரிசை வாங்கில இருத்துங்கோ."

அவ்வளவுதான். ஜீப் இறங்கிப் போகும் வரை நாங்கள் மரியாதையாக நின்றோம். போன பிறகு யோகா படியில் உட்கார்ந்து 'ஓ'வென்று அழுதாள். நானும் அழுதேன், சிரித்தேன், யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். பிள்ளைகள் தவமணியைத் தூக்கிச் சுற்றினார்கள். அவள் "மோட்டார், மோட்டார்" என்று கத்திக்கொண்டே சுற்றினாள்.

பழனியாண்டி பாஸைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனேன். ஆய்வுகூடம் என்று எழுதிய அந்த வெறும் அறைக்குள் தனியாக நின்றிருந்தார். முகம் முழுக்க ஈரம், துடைத்துக்கொள்ளவும் இல்லை. மேசை வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அவர் ஜன்னலில் இருந்து தொடங்கி, சுவரோரமாகக் குனிந்து, சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.